உள்ளங்கையில் வந்த மீன்



மாசி மகம் வந்தா மலாக்காவே வேற மாதிரி ஆயிடும். டவுனில் இருக்கிற பொய்யாத விநாயகர் கோவிலிலிருந்து சுப்பிரமணியர் ரதத்தில் புறப்பட்டு, நம்ம குருபோங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிற செங் சன்னாசிமலைக்கு வருவார். சிங்கப்பூரிலிருந்துகூட பஸ் எடுத்து வருவாங்க. காவடி, பால்குடம், அன்னதானம், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் மாசி மகம் அடிப்படையில் ஒரு நீர் விழா. தமிழ்நாட்டில் அன்றைக்குச் சுவாமியைக் கடலுக்கோ ஆற்றுக்கோ குளத்துக்கோ எடுத்துச் சென்று தீர்த்தவாரி நடத்துவார்கள். கும்பகோணத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகமும் இதே நாள்தான். சாமியே இறங்கிக் குளிக்கிற அளவுக்கு நீர் புனிதமானது என்று நமக்கு நினைவூட்டும் நாள் அது.

அதனால் இந்த முறை நீரில் நடந்த ஒரு கதையைச் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம். எல்லாரும் சின்ன வயசிலேயே கேட்ட கதைதான். மச்சாவதாரம்.

பத்து அவதாரத்தில் முதல் அவதாரம் மீன். சார்ட் பேப்பரில் வரைந்து வகுப்பில் ஒட்டியிருப்போம். பெரிய மீன், அதன் கொம்பில் கட்டிய படகு, படகில் ரிஷிகள். அது கதையின் கடைசிக் காட்சி. நான் சொல்ல வந்தது முதல் காட்சியை.

சத்தியவிரதனின் கதை

ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் இந்தக் கதை வருகிறது. சத்தியவிரதன் திராவிட தேசத்து அரசன். தண்ணீரை மட்டும் அருந்தித் தவம் செய்தவன். ஒருநாள் கிருதமாலா என்ற ஆற்றில் நின்று தர்ப்பணம் செய்கிறான். இரண்டு கையையும் சேர்த்து நீரை அள்ளினால், உள்ளே ஒரு சின்னஞ்சிறு மீன். அரசன் என்ன செய்தான்? நாமா இருந்தா என்ன செய்வோமோ அதையேதான் செய்தான். நீரோடு சேர்த்து மறுபடி ஆற்றிலேயே விட்டான்.

அப்போது அந்த மீன் பேசியது. ‘அரசே, நீ இரக்கம் உள்ளவன் என்று சொல்கிறார்கள். இந்த ஆற்றில் என்னைத் தின்னக் காத்திருக்கும் பெரிய மீன்களுக்குப் பயந்து உன் கைக்கு வந்தேன். என்னைத் திரும்பவும் அங்கேயே விடுகிறாயே’ என்று கேட்டது.

அரசன் மனம் இரங்கி மீனைத் தன் கமண்டலத்தில் விட்டு ஆசிரமத்துக்குக் கொண்டுவந்தான். ஒரே இரவில் மீன் வளர்ந்துவிட்டது. கமண்டலம் போதவில்லை. பெரிய பாத்திரத்தில் விட்டான். அதுவும் போதவில்லை. குளத்தில் விட்டான். குளமும் போதவில்லை. அதைவிடப் பெரிய நீர்நிலைகளில் விட்டுப் பார்த்தான், எதுவும் போதவில்லை. கடைசியில் கடல். அங்கேதான் அரசனுக்குப் புரிந்தது, இது சாதாரண மீன் இல்லை, சாட்சாத் நாராயணன் என்று. ஏழு நாளில் பிரளயம் வரும், விதைகளையும் மூலிகைகளையும் ஏழு ரிஷிகளையும் ஏற்றிக்கொண்டு படகில் காத்திரு, நான் வந்து காப்பாற்றுகிறேன் என்று இறைவன் சொன்னதும், அப்படியே நடந்ததும் உங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தியவிரதன்தான் பிறகு வைவஸ்வத மனு ஆனான்.

இந்தக் கதையில் மூன்று விஷயத்தை நாம் சாதாரணமாகக் கவனிப்பதில்லை.

முதலாவது, மீன் என்ன கேட்டது? சாப்பாடு கேட்கவில்லை. பொரி கேட்கவில்லை, ரொட்டித் துண்டு கேட்கவில்லை. பாதுகாப்பாக வாழ ஓர் இடம் கேட்டது. போதாதபோது இன்னும் பெரிய இடம் கேட்டது. கதை முழுக்க அந்த மீன் கேட்டது அது ஒன்றுதான்.

இரண்டாவது, அது இறைவன் என்று தெரியாமலேயே அரசன் அதைக் காப்பாற்றினான். தெரிந்து செய்திருந்தால் அது பூஜை. தெரியாமல், ஒரு சின்ன மீனுக்காகச் செய்ததால்தான் அது தர்மம். நமக்கும் ஒவ்வொரு மீனும் அவதாரமா என்று தெரியப்போவதில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாவது, பெரிய மீன் சின்ன மீனைத் தின்பதைப் பற்றியது. நம் சாத்திரத்தில் இதற்கு மச்ச நியாயம் என்று பெயர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் இந்தச் சொல் வருகிறது. வலியவன் எளியவனை விழுங்கிவிடாமல் தடுக்கத்தான் அரசன் என்று ஒருவன் தேவைப்படுகிறான் என்பது அதன் கருத்து. ஆற்றுக்குள் மீன் மீனைத் தின்பது இயற்கை. தோமான் மீன் சின்ன மீனைத் தின்றதால் எந்த ஆறும் காலியானதில்லை. ஆனால் மனிதன் ஆற்றின் பக்கம் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. ஒரே ஒரு குழாயைத் திறந்துவிட்டால், ஒரே ஒரு புல்டோசரைக் கரையில் இறக்கினால், ஓர் இனமே அந்த ஆற்றிலிருந்து காணாமல் போகலாம். இன்றைக்கு ஆற்றில் இருக்கிற ஆகப் பெரிய மீன் நாமதான். அந்த உள்ளங்கை மீன் பயந்து ஓடி வந்ததும் யாரைப் பார்த்து என்று யோசிக்கணும்.

கிருதமாலா எங்கே இருக்கிறது?

இந்த ஆறு ஏதோ இமயமலைப் பக்கம் இருக்கிற ஆறு என்று நினைக்காதீங்க. நம்ம மதுரையில் இருக்கிறது. இப்போது கிருதுமால் நதி என்பார்கள். மேற்கே நாகமலைப் பக்கமிருந்து வந்து மதுரை நகருக்குள் ஓடுகிறது. கூடலழகர் பெருமாள் கோவிலின் தல வரலாற்றில், ஊருக்கு மாலை போட்டதுபோல் ஓடியதால் கிருதமாலா என்றும், மச்சாவதாரத்தின் நினைவாகவே பாண்டியர் தங்கள் கொடியில் மீனை வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். ஆண்டவன் மீனாக வந்து ஒரு தமிழ் அரசனின் கையில் ஏறிய ஆறு அது.

அந்த ஆறு இன்று எப்படி இருக்கிறது தெரியுமா? மதுரை நகருக்குள் அது சாக்கடை. வீட்டுக் கழிவு நீரும் குப்பையும் ஓடும் கால்வாய். அந்த இடத்தில் இன்று யாராவது இரண்டு கையையும் சேர்த்து நீர் அள்ளித் தர்ப்பணம் செய்ய முடியுமா? கையில் மீன் வருமா?

இதில் மனசை உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஆற்றை நாசமாக்கியவர்கள் சாமி இல்லை என்று சொன்னவர்கள் கிடையாது. கோவில்கள் நிறைந்த ஊர் அது. வீதிக்கு வீதி பூஜை நடக்கிற ஊர். கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே ஆற்றை விட்டுவிட்டோம். கதை மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

நம்ம ஆறு

மதுரையைச் சொல்லிவிட்டு நாம தப்பிக்க முடியாது. நம்ம ஊர்ப் பக்கம் சுங்கை மலாக்கா ஓடுது. டுரியான் துங்கால், செங் பக்கமெல்லாம் கடந்து டவுனுக்குப் போய் நீரிணையில் சேர்கிற ஆறு. டவுனில் அதன் கரையில் விளக்கு போட்டு, சுவரில் சித்திரம் வரைந்து, படகு விட்டிருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய ஊர் என்று அறிவித்ததும் அந்த ஆற்றங்கரை ஊரைத்தான். ஆனால் மேலே இருக்கிற சின்னச் சின்ன ஓடைகளையும் கிளையாறுகளையும் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? மீன் குஞ்சு பொரித்து வளருகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

நான் படிக்கிறது பொறியியல். அதனால் ஆற்றைக் கொஞ்சம் எண் கணக்காகவும் பார்க்கப் பழகியிருக்கிறேன். ஒரு மீனுக்கு ஆற்றில் என்னென்ன வேண்டும் என்று கேட்டால் நான்கைச் சொல்லலாம்.

ஒன்று, மூச்சு. மீனும் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கிறது. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செவுளால் எடுக்கிறது. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 7.6 தான். நம்ம நாட்டு ஆறுகள் வெப்பமான ஆறுகள். அதனால் நம்ம மீனுக்கு ஆரம்பத்திலேயே கையிருப்பு குறைவு. 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்களுக்குத் திணறல் ஆரம்பித்துவிடும்.

இரண்டு, நிழல். கரையில் மரம் இருந்தால் நீர் குளிர்ச்சியாக இருக்கும், இலையும் பூச்சியும் பழமும் விழும். கெலா மீன் காட்டுப் பழங்களைத் தின்று வளருகிற மீன். மரத்தை வெட்டினால் அதன் சமையலறையையே இடித்த மாதிரி. அதுவுமில்லாமல் கரை மண் சரிந்து வந்து அடியில் இருக்கிற கூழாங்கல்லை மூடிவிடும். கல்லிடுக்கில் இட்ட முட்டைக்குள் மூச்சு போகாது. ஆற்றின் அகலத்தைப் பொறுத்து இரு கரையிலும் 5 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று நம்ம நாட்டு வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியே சொல்கிறது. ஆனால் சில இடங்களில் செம்பனை நேராக ஆற்றுக்குள் கால் வைத்து நிற்பதைப் பார்க்கலாம்.

மூன்று, வழி. ஆற்று மீன் ஓர் இடத்திலேயே உட்கார்ந்திருக்காது. மழைக்காலத்தில் முட்டையிட மேலே ஏறும், வெள்ளத்தோடு தாழ்வான பகுதிக்குள் போய்க் குஞ்சு வளர்க்கும். நாம ஆசையாகச் சாப்பிடுகிற காலா இறால் நன்னீரில் வாழ்கிறது, ஆனால் அதன் குஞ்சுக்கு உப்பு கலந்த கழிமுக நீர் வேண்டும். வளர்ந்தபின் மறுபடி மேலே ஏறும். நடுவில் தடுப்பு வந்தால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்தது.

நான்கு, குடும்பம் நடத்த ஓர் அமைதியான மூலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும்.

மீனாட்சி என்ற பெயருக்குப் பெரியவர்கள் ஒரு விளக்கம் சொல்வார்கள். மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே காத்துக் குஞ்சாக்குமாம். அதுபோல அன்னை தன் கடைக்கண் பார்வையாலேயே நம்மைக் காக்கிறாள். சைவத்தில் நயன தீட்சைக்கும் இந்த உவமையைத்தான் சொல்வார்கள். இது வெறும் கற்பனையா? விரால் மீனைப் பாருங்க. இங்கே ஹருவான் என்போம். ஆபரேஷன் ஆனவங்களுக்கும் பிள்ளை பெற்றவங்களுக்கும் புண் ஆற ஆக்கிக் கொடுப்பார்களே, அதே மீன். அது முட்டையிட்ட பிறகு போய்விடுவதில்லை. புல் ஓரத்தில் மிதக்கும் முட்டைகளையும், பொரித்து வந்த குஞ்சுகளையும் பக்கத்திலேயே நின்று காவல் காக்கும். அதன் உறவான தோமான் மீனும் அப்படித்தான். செக்கச் செவேல் என்று குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு எடுக்கும்போது கீழே பெற்றவை நிற்கும்.

அந்தச் சிவப்புக் கூட்டத்தைப் பார்த்துத் தூண்டில் வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். காவலுக்கு நிற்கும் தாயோ தகப்பனோ கோபத்தில் வந்து கடிக்கும், சுலபமாக மாட்டும். பிறகு அந்தக் குஞ்சுகளுக்கு யார் இருக்கிறார்கள்? மீனாட்சி கோவிலில் விளக்கேற்றிவிட்டு இதைச் செய்யலாமா? தூண்டில் போடும் அண்ணன்மார்கள் கோபிக்காமல் யோசிக்கணும்.

பால் கணக்கு

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

பால் புனிதமானது. ஆனால் அதே பால் நேராக ஆற்றில் கலந்தால் என்ன ஆகும்? நீரில் இருக்கும் கிருமிகள் அதைத் தின்று செரிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் பால் இப்படிச் செரிக்க ஏறக்குறைய ஒரு லட்சம் மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். நம்ம வெப்பமான ஆற்று நீரில் லிட்டருக்கு 7.6 மில்லிகிராம்தான் இருக்கிறது என்று பார்த்தோம். வகுத்துப் பாருங்க. ஒரு லிட்டர் பால் சுமார் 13,000 லிட்டர் ஆற்று நீரின் மூச்சை முழுசா எடுத்துவிடும். ஒரு திருவிழாவில் எத்தனை பால்குடம் வருகிறது?

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண். செம்பனை ஆலையிலிருந்து வரும் சுத்திகரிக்காத கழிவு நீருக்கு இதே அளவு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். அதை 100-க்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் ஆற்றில் விடலாம் என்று சட்டம் இருக்கிறது. பாலின் அளவு அந்த ஆலைக் கழிவைவிட நான்கு மடங்கு.

‘லோங்காங்கில்தானே போகுது, எங்கேயோ சுத்தம் பண்ணுவாங்க’ என்று நினைக்கிறோம். நம்ம நாட்டில் கழிவறை நீர் போகும் குழாய் வேற, மழை நீர் போகும் லோங்காங் வேற. குழாயில் போவதுதான் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். லோங்காங்கில் ஊற்றுவதெல்லாம் அப்படியே ஆற்றுக்குத்தான்.

அப்படியானால் அபிஷேகம் வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அபிஷேகத் தீர்த்தம் கோமுகி வழியாக வெளியே வந்த பிறகு எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. பழைய கோவில்களில் அது நந்தவனத்துக்குப் போகும். அந்த நீரில் பூ வளரும், அந்தப் பூ மறுபடி சாமிக்கு வரும். எவ்வளவு அழகான ஏற்பாடு! மண்ணுக்குள் போகும் பால் மரத்துக்கு உரம். ஆற்றுக்குள் போகும் பால் மீனுக்கு மூச்சுத் திணறல். அதே பால், போகிற இடம்தான் வேற.

இங்கே இரண்டு கேள்வி வரும். வீட்டிலும் கோவிலிலும் நான் கேட்ட கேள்விகள்தான்.

‘கங்கை அசுத்தமாகுமா? ஆறு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், நம்ம பாட்டன் பூட்டன் போடாததா?’ என்பது முதல் கேள்வி. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆறு தன்னைச் சுத்தம் செய்துகொள்வதைப் பொறியியல் பாடத்திலும் படிக்கிறோம். 1925-இல் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்து இதற்குச் சமன்பாடே எழுதினார்கள். அழுக்கு விழுந்ததும் ஆக்சிஜன் கீழே இறங்கும், பிறகு ஓட ஓடக் காற்றிலிருந்து எடுத்து மெல்ல ஏறும். ஆனால் அது எழுந்திருப்பதற்குள் அடுத்த அழுக்கு விழுந்தால்? அப்புறம் எழவே எழாது. பாட்டன் பூட்டன் போட்டது இலையும் பூவும் மஞ்சளும் களிமண்ணும். ஊரும் சின்னது. நாம போடுவது பிளாஸ்டிக் பையோடு மாலை, பெயிண்ட் அடித்த சிலை, தெர்மோகோல், சாமி படத்தின் கண்ணாடி. இதற்கு எந்த ஆறும் பொறுப்பு எடுக்க முடியாது.

‘ஃபேக்டரி விடுகிறது, பன்றிப் பண்ணை விடுகிறது, அவங்களை விட்டுட்டு நம்மையே ஏன் குறை சொல்ற?’ என்பது இரண்டாவது கேள்வி. நியாயமான கேள்வி. ஆலைக் கழிவுக்கு முன்னால் நம்ம கோவில் கழிவு ஒன்றுமே இல்லை, உண்மை. அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும். ஆற்று நீர் கறுப்பாக ஓடினால் படம் எடுத்துச் சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் கொடுப்பதும் சமயப் பணிதான். ஆனால் நம்ம லோங்காங் வாயில் மாலையும் பிளாஸ்டிக்கும் சிக்கிக் கிடக்கும்போது நாம போய்ப் புகார் கொடுத்தால் யார் மதிப்பார்கள்? நம் முற்றத்தைப் பெருக்கிவிட்டுப் போனால் குரல் கொஞ்சம் கனமாக இருக்கும்.

விட்டால் புண்ணியமா?

சிலர் பரிகாரம் என்று மீன் வாங்கி ஆற்றில் விடுகிறார்கள். வேறு சிலர், வீட்டுத் தொட்டியில் வளர்ந்த மீன் பெரிசாகிவிட்டால், கொல்ல மனசு வராமல் ஆற்றில் விடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சத்தியவிரதன் முதலில் செய்ததும் அதுதானே? ஆற்றில் விட்டான். மீன் என்ன சொன்னது? விடுவது மட்டும் இரக்கம் ஆகாது என்றது.

மீன் தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கும் பண்டாராயா மீன் தென் அமெரிக்காவின் மீன். அதன் உடம்பு கவசம் மாதிரி, இங்கே அதைத் தின்ன ஆள் குறைவு. கரையைத் துளைத்து வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். இன்று நம்ம நாட்டின் பல ஆறுகளில் வலை போட்டால் அதுதான் வருகிறது. சிலாங்கூரில் இளைஞர்கள் கூட்டமாக இறங்கி அதைப் பிடித்து அகற்றும் அளவுக்குப் போய்விட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி, திலாப்பியா, மயில் நிற ராஜா மீன் எல்லாம் இப்படி வெளியிலிருந்து வந்தவைதான். ஒரு மீனுக்கு உயிர்ப் பிச்சை கொடுத்து, நூறு உள்ளூர் மீனின் இடத்தைப் பறிப்பது புண்ணியமா? வீட்டு மீனை வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வாங்கின கடையிலேயே கொடுங்க, இல்லை வேறு யாராவது வளர்க்கக் கொடுங்க.

‘ஆற்றில் இன்னும் மீன் இருக்கே, அப்போ ஆறு நல்லாத்தான் இருக்கு’ என்றும் சொல்வார்கள். எந்த மீன் இருக்கிறது என்று பார்க்கணும். ஹருவான், கெளுத்தி, புயூ, பண்டாராயா எல்லாம் மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிக்கக்கூடியவை. நீர் கெட்டாலும் அவை தாங்கும். கெலா மாதிரி மீன்கள் தாங்காது, சத்தமில்லாமல் போய்விடும். கடைசிவரை இருப்பவர்களைப் பார்த்து வீடு நிறைந்திருக்கிறது என்று சொல்லக் கூடாது.

இன்னொன்று. கரண்ட் வைத்தும், தூபா வேரை நசுக்கிப் போட்டும் மீன் பிடிப்பது தோட்டக் காலத்துப் பழக்கம். நஞ்சும் மின்சாரமும் 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்க. சாப்பிட நாலு மீன் வேண்டும் என்று முட்டை, குஞ்சு உட்பட அந்த மடுவையே சாகடிப்பது எந்த தர்மத்தில் சேரும்? மீன் சாப்பிடுகிறவர்களும் சாப்பிடாதவர்களும் நம்மில் இருக்கிறோம். அந்த வாதம் வேற. மீன் அடுத்த வருஷமும் அந்த ஆற்றில் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

கோவில் காத்த ஆறுகள்

நம் சமயம் இதைச் செய்துகாட்டியும் இருக்கிறது. கர்நாடகாவில் சிருங்கேரி சாரதாம்பாள் கோவில் துங்கா நதிக்கரையில் இருக்கிறது. படித்துறையில் பெரிய பெரிய மீன்கள் கூட்டமாக நிற்கும். அங்கே யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆதி சங்கரர் பெயர் சொல்லும் தலம் என்பதால் அந்த நீரும் அந்த மீனும் கோவிலைச் சேர்ந்தவை. அதே மாநிலத்தில் சிசிலா என்ற ஊரில் கபிலா ஆற்றங்கரையில் சிசிலேஸ்வரர் கோவில். அங்கேயும் மீன் சாமியின் சொத்து. 1996-இல் யாரோ நஞ்சு கலந்து அந்த மீன்களைக் கூட்டமாகக் கொன்றுவிட்டார்கள். ஊர் மக்கள் அந்த மீன்களுக்கு நினைவுச் சின்னமே கட்டினார்கள். பிறகு காவலைக் கூட்டினார்கள். இன்றும் மீன்கள் இருக்கின்றன.

அந்தக் கோவில் மீன்கள் மாசீர் இனம். அறிவியலில் தோர் என்ற பேரினம். நம்ம கெலாவும் அதே தோர் பேரினம்தான். சிருங்கேரியில் சாமி மீன் என்று கும்பிடுகிறோம், அதன் சொந்தக்காரன் பகாங் காட்டிலிருந்து வந்து ரெஸ்டாரண்டில் அதிக விலைக்குப் போகிறான். தாமான் நெகாராவில் சுங்கை தாஹானில் லுபோக் தெனோர் என்ற மடுவைக் கெலாவுக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் போய்ப் பாருங்க, காலைச் சுற்றி வரும்.

நம்ம காவிரியிலேயே திமில் மாசீர் என்ற பெரிய மீன் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பல காலமாக வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த அந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயரை 2018-இல்தான் உறுதி செய்தார்கள். அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர் என்ற பட்டியலிலும் அது சேர்ந்தது. பெயர் வைத்த கையோடு ஆபத்துப் பட்டியல்!

சபாவில் கடசான் டூசுன் மக்கள் தாகால் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தாகால் என்றால் தடை. ஆற்றின் ஒரு பகுதியில் எப்போதும் மீன் பிடிக்கக் கூடாது, இன்னொரு பகுதியில் ஊர் கூடி முடிவு செய்யும் நாளில் மட்டும் பிடிக்கலாம். ஊரே காவல். அரசாங்கமும் 2003-இல் சட்டம் போட்டு அதை ஏற்றுக்கொண்டது. அவர்கள் மரபு அவர்களின் ஆற்றைக் காக்கிறது. மச்சாவதாரம் வைத்திருக்கிற நம் மரபு நம்ம ஆற்றுக்கு என்ன செய்கிறது?

நம்மால் ஆகும் காரியம்

பேசிவிட்டுப் போனால் இதுவும் ஒரு கதையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கிளையும் இந்த ஆண்டு மாசி மகத்துக்கு முன்பு ஆரம்பிக்கக்கூடிய சில வேலைகளைச் சொல்கிறேன்.

கோவில் நிர்வாகத்தினரிடம் மரியாதையாகப் பேசி, அபிஷேக நீர் எங்கே போகிறது என்று நேரில் பாருங்க. லோங்காங்குக்குப் போனால், ஒரு சின்ன உறிஞ்சு குழி தோண்டி, சுற்றி வாழையும் செம்பருத்தியும் நட முடியுமா என்று கேளுங்க. மண்வெட்டி பிடிக்க நாம இருக்கிறோம் என்றும் சேர்த்துச் சொல்லுங்க. பெரியவங்க மறுக்க மாட்டாங்க.

மாலை, வாழை இலை, தேங்காய் மட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கிலிருந்து பிரித்து மக்க வைக்கலாம். கரைக்க வேண்டிய சிலை என்றால் பெயிண்ட் இல்லாத களிமண் சிலை, அதையும் பெரிய தொட்டியில் கரைத்து, மண்ணைச் செடிக்குப் போடலாம்.

சமய வகுப்புப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பக்கத்து ஓடைக்குக் கூட்டிப் போங்க. எந்த மீன் இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்க. பெயர் தெரியாத ஒன்றைக் காப்பாற்ற யாருக்கும் தோணாது.

மீன் தொட்டி வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும், ஆற்றில் விடாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லுங்க.

முடிவாக ஒன்று. 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்கா முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. நம்மில் பலர் அப்போது பிறக்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்டால் வாளி தூக்கிய கதையைச் சொல்வார்கள். நாம குடிக்கிற நீரும் மீன் வாழ்கிற நீரும் ஒரே நீர்தான் என்று அன்றைக்கு மலாக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சத்தியவிரதன் மீனுக்கு இடம் கொடுத்தான். பிரளயம் வந்த அன்று அந்த மீன்தான் அவனுக்கு இடம் கொடுத்தது. கதையில் முதலில் உதவி கேட்டு வந்தது மீன், காப்பாற்றப்பட்டது மனிதன். அந்த மீன் இப்போதும் நம்ம ஓடைகளில் வளைந்து நெளிந்து இடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அது உள்ளங்கையில் அடங்குகிற அளவில் இருக்கும்போதே நாம கேட்டுக்கொண்டால் நல்லது.

எல்லா உயிரும் இன்புற்று வாழ இறைவன் அருள் புரியட்டும்.

திருச்சிற்றம்பலம்.